வேலையை விட்ட மூன்று பேரும் ஒரு மாமரமும்

"சினிமா எடுக்கணும்னா சினிமாவைப் படிக்கணுமா?"

ஆபீஸ் டீக்கடையில் இந்தக் கேள்வி வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்துடும். ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்தில் கதை எழுதுறவங்க எங்க ஃப்ளோரில் மட்டுமே நாலு பேர். அதில் நானும் ஒருத்தன். விவாதம் எப்பவும் ரெண்டு கட்சியாத்தான் பிரியும். "நேரா ஒரு டைரக்டர்கிட்ட அசிஸ்டென்ட்டா சேர்ந்துடணும், ஸ்பாட்ல கத்துக்கறதுதான் படிப்பு" என்பது ஒரு கட்சி. "இல்லப்பா, பூனா மாதிரி ஒரு இடத்துல முறையா படிச்சாத்தான் அடிப்படை வரும்" என்பது இன்னொன்று. அம்மாக்கள் எல்லாம் மூன்றாவது கட்சி: "பி.இ. முடிச்சு நல்ல சம்பளத்துல இருக்கற பையன் மறுபடி மூணு வருஷம் காலேஜுக்குப் போறதாவது!"

நான் இன்னும் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஆனா பூனா இன்ஸ்டிட்யூட்டோட விண்ணப்பப் பக்கத்தை ரெண்டு வருஷமா திறந்து திறந்து மூடிட்டு இருக்கேன். சரி, முடிவெடுக்கறதுக்கு முன்னாடி வரலாறாவது தெரிஞ்சுக்குவோமேன்னு படிக்க ஆரம்பிச்சேன். அதில் கண்ணில் பட்டது மூன்று பேர். மூன்று பேரும் 1960களில் சம்பள வேலையை விட்டுட்டு பூனாவுக்கு ரயில் ஏறினவங்க. அவங்களுக்கு என்ன கிடைச்சது, என்ன கிடைக்கலைன்னு பார்த்தால், டீக்கடை விவாதத்தில் ரெண்டு கட்சியுமே பாதிதான் சரின்னு தோணுது. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்தருள்க :-)

முதலில் அந்த இடத்தைப் பற்றி.

1929ல் கோலாப்பூரில் சாந்தாராம், தாம்ளே, ஃபத்தேலால் மற்றும் சில நண்பர்கள் சேர்ந்து பிரபாத் ஃபிலிம் கம்பெனியை ஆரம்பித்தார்கள். 1933ல் கம்பெனி பூனாவுக்குக் குடிபெயர்ந்தது. 1936ல் வந்த 'சந்த் துக்காராம்' வெனிஸ் விழா வரைக்கும் போன படம். குரு தத் நடன உதவியாளராக வேலை பார்த்ததும், தேவ் ஆனந்தின் முதல் படமான 'ஹம் ஏக் ஹை' (1946) எடுக்கப்பட்டதும் இந்த பிரபாத்தில்தான். அங்கேதான் ரெண்டு பேரும் நண்பர்கள் ஆனார்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோ என்பது தொழிற்சாலையும் பள்ளிக்கூடமும் சேர்ந்த மாதிரி. மாசச் சம்பளத்துக்குச் சேர்ந்து, லைட் தூக்கி, செட்டு போட்டு, ஒவ்வொரு படியா மேலே வரணும். சினிமா கற்றுக்கொள்ள வேற வழியே கிடையாது.

சிக்கல் என்னன்னா, 1940களின் கடைசியில் ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாகச் சரிய ஆரம்பித்தன. யுத்த காலத்தில் சேர்ந்த கறுப்புப் பணம் சினிமாவுக்குள் வந்தது. ஒரே ஒரு படம் எடுத்துட்டுக் காணாமல் போகிற தயாரிப்பாளர்கள் பெருகினார்கள், நட்சத்திரச் சம்பளம் ஏறியது. மாசச் சம்பள ஸ்டூடியோ தாக்குப் பிடிக்கவில்லை. 1953ல் பிரபாத்தும் மூடப்பட்டது. ஸ்டூடியோ போனதோட, அதுக்குள்ள இருந்த 'பள்ளிக்கூடமும்' போயிடுச்சு. இந்த விஷயத்தை நாம பெரும்பாலும் கவனிக்கறதில்லை.

இதற்கு நடுவில் 1949ல் மத்திய அரசு எஸ்.கே. பாட்டீல் தலைமையில் திரைப்பட விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. 1951ல் குழு அறிக்கை கொடுத்தது. சினிமாவுக்குக் கடன் தர ஒரு நிதி நிறுவனம் வேண்டும், சினிமா கற்றுத்தர ஒரு பயிற்சி நிறுவனம் வேண்டும் என்பதெல்லாம் அந்த அறிக்கையில் இருந்த சிபாரிசுகள். குழு உறுப்பினர்களில் ஒருவர் யார் தெரியுமா? அதே பிரபாத்தை ஆரம்பித்து, 1940களின் தொடக்கத்தில் அதை விட்டு வெளியே வந்திருந்த சாந்தாராம்!

அரசாங்க ஃபைல் வழக்கம் போல நிதானமாக நகர்ந்தது. 1960ல் ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் வந்தது. அதே வருஷம் பூனாவில் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியாவும் வந்தது. இடம், மூடிக் கிடந்த பிரபாத் ஸ்டூடியோ. 1974ல் டெலிவிஷன் பயிற்சியும் சேர்ந்து இன்றைய எஃப்.டி.ஐ.ஐ. ஆனது. ஆக, சாந்தாராம் கூட்டாளிகளோடு சேர்ந்து கட்டிய தளத்திலேயே அவரும் சிபாரிசு செய்த பள்ளி வந்து உட்கார்ந்தது. இதை யாராவது கதையில் எழுதினால் "ரொம்ப சினிமாத்தனமா இருக்கு சார்"னு சொல்லிடுவாங்க.

இப்போ நம்ம மூன்று பேர்.

முதல் ஆள் அடூர் கோபாலகிருஷ்ணன். இவருக்கு நம்ம ஊர்த் தொடர்பு உண்டு. திண்டுக்கல் பக்கத்தில் இருக்கும் காந்திகிராமத்தில் பொருளாதாரம், அரசியல், பொது நிர்வாகம் எல்லாம் படித்தவர். படிப்பு முடிந்ததும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் அரசு வேலை. வீடு வீடாகப் போய் புள்ளிவிவரம் சேர்க்கிற வேலையை விட்டுட்டு 1962ல் பூனாவுக்குப் போனார்.

ரெண்டாவது ஜான் ஆப்ரஹாம். (ஜிம் பாடி ஜான் ஆப்ரஹாம் இல்லீங்க, இவர் தாடி வைத்த மலையாளி.) பெல்லாரியில் எல்.ஐ.சி. உத்தியோகம். இன்று வரை எந்த மாமனாரும் மறுக்காத உத்தியோகம் அது! அதை உதறிட்டு 60களின் நடுவில் பூனா வந்தார்.

மூன்றாவது ஆள் மட்டக்களப்பு பக்கத்து அமிர்தகழியில் 1939ல் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில், கித்துல்கலையில் டேவிட் லீன் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததுதான் தன் சினிமா ஆசைக்கு விதை என்று பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அப்புறம் நில அளவைத் துறையில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை, பக்கத்திலேயே ஒரு இலக்கியப் பத்திரிகை, ரேடியோ நாடகம். 1966ல் ஒளிப்பதிவு படிக்கக் கடல் தாண்டி வந்தார். பாலு மகேந்திராவைத்தான் சொல்றேன்.

புள்ளிவிவரம், இன்ஷூரன்ஸ், வரைபடம். மூன்றுமே மேஜை வேலை. படிக்கும்போது எனக்கு என் க்யூபிக்கிள் ஞாபகம் வந்ததில் தப்பில்லைதானே?

பூனாவில் அவங்களுக்கு என்ன சொல்லிக் கொடுத்தாங்க? கேமராவில் ஃபிலிம் மாட்டுவது, லென்ஸ் கணக்கு, லைட் அளப்பது, ஒலிப்பதிவு எல்லாம் உண்டு. ஆனால் அதெல்லாம் எந்த ஸ்டூடியோவிலும் கற்றுக்கொள்ளக் கூடியவை. அங்கே மட்டுமே கிடைத்தவை என்று நான் மூன்றைச் சொல்வேன்.

ஒன்று, படம் பார்ப்பது. இன்றைக்கு நமக்கு இது ஒரு விஷயமே இல்லை. 1962ல் ஒரு வெளிநாட்டுப் படத்தைத் தேடிப் பார்க்கணும்னா ஃபிலிம் சொசைட்டியை விட்டால் வழியில்லை. இன்ஸ்டிட்யூட்டில் பாடத்திட்டமே படம் பார்ப்பதுதான். ஆக்ராவில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்துகொண்டு ஃபிலிம் சொசைட்டி நடத்திய சதீஷ் பகதூர், பூனாவுக்கு ரசனைப் பேராசிரியராக வந்து சேர்ந்தார். 'பதேர் பாஞ்சாலி'யை ஷாட் ஷாட்டாகப் பிரித்து, மறுபடி மறுபடி ஓட்டிப் பாடம் எடுத்தவர். 1964ல் அதே பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்தது. பி.கே. நாயர் என்ற மனிதர் ஊர் ஊராக அலைந்து படச்சுருள்களைச் சேகரித்தார். ஃபால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா', 'காளிய மர்தன்' என்று நமக்கு மிஞ்சி நிற்பதில் அவர் பங்கு பெரிசு. பொட்டியைத் திறந்து மாணவர்களுக்குப் போட்டும் காட்டினார்.

இரண்டு, வாத்தியார். 1965 வாக்கில் ரித்விக் கட்டக் அங்கே துணை முதல்வராக வந்தார். இருந்தது கொஞ்ச காலம்தான். அப்போது அவர் வணிக ரீதியாகத் தோற்றுப்போன ஒரு இயக்குநர். அவருடைய 'சுபர்ணரேகா' 1962ல் முடிந்தும் 1965ல்தான் வெளியானது. அப்படிப்பட்டவரை வாத்தியாராக வைக்க எந்த ஸ்டூடியோவும் யோசிச்சிருக்குமா? இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் ஒரு மாமரம் இருக்கு, 'விஸ்டம் ட்ரீ' என்று பேர். கட்டக் வகுப்பறையை விட அந்த மரத்தடியில்தான் அதிகம் கற்றுக் கொடுத்தார் என்று தலைமுறை தலைமுறையாகக் கதை சொல்லுவாங்க. மணி கௌல், குமார் ஷஹானி, ஜான் ஆப்ரஹாம் மூவரும் அவர் மாணவர்கள். மூன்று பேர் எடுத்த படங்களும் கட்டக் படம் மாதிரி இல்லை, ஒருத்தர் படம் இன்னொருத்தர் மாதிரியும் இல்லை. ஒரு வாத்தியாருக்கு இதைவிட என்ன சர்டிஃபிகேட் வேணும்?

மூன்று, கூட்டம். இது எனக்கு ரொம்ப முக்கியமாப் படுது. பூனாவில் இயக்கம், ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலி எல்லாம் தனித்தனித் துறை. ஆனால் டிப்ளமோ படம் எடுக்கும்போது நாலு துறைக்காரர்களும் ஒரே யூனிட். அதனால் வெளியே வரும்போது ஒரு ஆளாக வராமல் ஒரு கூட்டமாகத்தான் வருவார்கள். 1983ல் வந்த 'ஜானே பீ தோ யாரோ' எடுத்துக்கோங்க. இயக்கம் குந்தன் ஷா, ஒளிப்பதிவு பினோத் பிரதான், எடிட்டிங் ரேணு சலூஜா, நடிப்பில் நசீருதீன் ஷா, ஓம் புரி, சதீஷ் ஷா. எல்லாரும் பூனாக்காரர்கள். சுமார் ஏழு லட்ச ரூபாயில் அந்தப் படம் முடிஞ்சதுன்னா, அதுக்குக் காரணம் அந்தக் கூட்டம்தான்.

சரி, படிப்பு முடிந்ததும் வேலை கிடைச்சதா? இங்கேதான் நம்ம அம்மாக்கள் கட்சி காதைத் தீட்டிக்கணும்.

நடிப்பு படித்தவர்கள் சிலர் வேகமாக மேலே வந்தார்கள். சத்ருகன் சின்ஹா, ஜெயா பாதுரி எல்லாம் பூனா முகங்கள்தான். ஒளிப்பதிவாளர்களும் ஓரளவு தப்பித்தார்கள். கே.கே. மகாஜன் என்ற ஒரே ஒளிப்பதிவாளர் மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்', பாசு சாட்டர்ஜியின் 'சாரா ஆகாஷ்', மணி கௌலின் 'உஸ்கி ரோட்டி' என மூன்று படங்களை அடுத்தடுத்து எடுத்தார். மூன்றுமே ஃபிலிம் ஃபைனான்ஸ் கார்ப்பரேஷன் கடனில் எடுத்தவை. பாட்டீல் குழு 1951ல் கேட்ட ரெண்டு விஷயங்கள், பள்ளியும் கடனும், ஒன்றையொன்று சந்தித்தது இங்கேதான். ஒன்று மட்டும் வந்து மற்றது வராமல் போயிருந்தால் 'புதிய அலை'ன்னு நாம பேசிட்டு இருக்கவே மாட்டோம்.

இயக்கம் படித்தவர்கள் கதை வேற. அடூர் 1965ல் பூனாவை விட்டு வெளியே வந்தார். முதல் படம் 'சுயம்வரம்' வந்தது 1972ல். நடுவில் ஏழு வருஷம்! அந்த ஏழு வருஷம் அவர் சான்ஸ் கேட்டு ஸ்டூடியோ வாசலில் நிற்கவில்லை. திருவனந்தபுரத்தில் நண்பர்களோடு சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டி ஆரம்பித்தார், கூட்டுறவு சங்கம் ஆரம்பித்தார், ஆவணப் படங்கள் எடுத்தார். பூனாவில் தான் பார்த்த மாதிரிப் படங்களை ஊர்க்காரர்களுக்கும் காட்டினார். அதாவது தன் படத்துக்கு முன்னாடி தன் பார்வையாளனை உருவாக்கினார். 'சுயம்வரம்' சிறந்த படத்துக்கும் இயக்குநருக்கும் தேசிய விருது வாங்கியது.

ஜான் இன்னும் கரடுமுரடான பாதையில் போனவர். 'உஸ்கி ரோட்டி'யில் மணி கௌலுக்கு உதவியாளர். 1977ல் தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' எடுத்தார். திரைக்கதை வெங்கட் சாமிநாதன், முக்கிய வேடத்தில் நடித்தது இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது கிடைத்தது, தியேட்டர்தான் கிடைக்கவில்லை. பிறகு கேரளாவில் 'ஒடேசா' என்ற குழுவைச் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராகப் படம் போட்டுக் காட்டி, பொதுமக்களிடம் சின்னச் சின்னத் தொகையாகத் திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுத்தார். க்ரௌட் ஃபண்டிங் என்கிற வார்த்தையை நாம கேள்விப்படுறதுக்கு முன்னாடியே! அடுத்த வருஷம், 1987ல், ஒரு கட்டடத்திலிருந்து விழுந்து இறந்துபோனார். ஐம்பது வயசு நிறையவில்லை. மொத்தம் நாலே முழுநீளப் படம். எல்.ஐ.சி.யிலேயே இருந்திருந்தால் பென்ஷன் வாங்கியிருப்பார் என்று ஒரு குரல் எனக்குள்ளும் கேட்கத்தான் செய்யுது. அந்தக் குரலை மறைச்சுட்டு இந்தப் பதிவை எழுதினால் அது நேர்மையா இருக்காது.

மூன்றாமவர் கதைதான் தமிழுக்கு முக்கியம்.

பாலு மகேந்திரா 1969ல் ஒளிப்பதிவில் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். அவருடைய டிப்ளமோ படத்தைப் பார்த்துவிட்டு 'செம்மீன்' ராமு காரியாட் 'நெல்லு' (1974) படத்துக்குக் கூப்பிட்டார். 1977ல் கன்னட 'கோகிலா' மூலம் இயக்குநர். ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது. 1978ல் மகேந்திரனின் 'முள்ளும் மலரும்' படத்துக்கு ஒளிப்பதிவு. இருக்கிற வெளிச்சத்தை மதிக்கிற அந்தக் கேமராவைப் பார்த்து நம்ம ஊரு அசந்துபோச்சு. 'அழியாத கோலங்கள்', 'மூன்றாம் பிறை', 'வீடு' எல்லாம் உங்களுக்கே தெரியும்.

நான் சொல்ல வந்தது அதுக்கு அப்புறம் நடந்தது. தமிழ் சினிமா எப்பவுமே குருகுலம்தான். புட்டண்ணாவிடம் பாரதிராஜா, பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பார்த்திபன் என்று போகிற வரிசை. பாலு மகேந்திரா அந்த முறையை மாற்றவில்லை. அந்தக் குருகுலத்துக்குள்ளேயே பூனாவைக் கொண்டுவந்து வைத்தார். உதவியாளர்கள் சிறுகதைகள் படிக்கணும், படித்து சுருக்கம் எழுதித் தரணும் என்பது அவர் அலுவலக வழக்கம் என்று வெற்றிமாறன் சொல்லியிருக்கிறார். டீ வாங்கிட்டு வர்றது, க்ளாப் அடிக்கிறதுன்னு அசிஸ்டென்ட் வாழ்க்கையைக் கேள்விப்பட்ட நமக்கு இது புதுசா இல்லை? சிறுகதைகளைப் படமாக்கிய 'கதை நேரம்' தொடர் எல்லாம் ஒரு விதத்தில் அவர் உதவியாளர்களுக்கான டிப்ளமோ பயிற்சிதான். பின்னாளில் 'சினிமா பட்டறை' என்று பள்ளியே ஆரம்பித்தார்.

பலன்? பாலாவின் 'சேது' (1999). ஐ.டி. சம்பளத்தைப் பார்த்து ஒரு தமிழ் எம்.ஏ. கொதிக்கிற ராமின் 'கற்றது தமிழ்' (2007), நம்ம ஆளுங்க நெளிஞ்சுகிட்டே பார்த்த படம் :-) சீனு ராமசாமியின் 'தென்மேற்குப் பருவக்காற்று' (2010), வெற்றிமாறனின் 'ஆடுகளம்' (2011). இவங்க யாரும் பூனாவில் படிக்கவில்லை. ஆனா பூனாவின் பேரப் பிள்ளைகள். வெற்றிமாறன் 2020களின் தொடக்கத்தில், முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கட்டணமில்லாமல் சினிமா கற்றுத்தர ஐ.ஐ.எஃப்.சி. என்ற நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். பள்ளியில் ஆரம்பித்தது, குருகுலமாகி, மறுபடி பள்ளியாகியிருக்கு.

சென்னையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் உதைப்பீங்க. நம்ம ஊரில் பூனாவுக்கும் முன்னாடியே, 1940களிலேயே, பாலிடெக்னிக்கின் பிரிவாக ஒளிப்பதிவும் ஒலிப்பதிவும் கற்றுத் தந்தார்கள். அதுதான் அடையாறு ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டாக வளர்ந்தது. பி.சி. ஸ்ரீராம் அங்கே படித்தவர். 1986ல் அந்த மாணவர்கள் கூட்டமாகச் சேர்ந்து 'ஊமை விழிகள்' எடுத்து, தியேட்டரை அதிர வைத்தார்கள். தயாரிப்பு ஆபாவாணன், இயக்கம் அரவிந்தராஜ். இங்கேயும் பாருங்க, ஜெயித்தது ஒரு தனி ஆள் இல்லை, ஒரு கூட்டம்.

பூனா ஒண்ணும் சொர்க்கமும் இல்லை. படிப்பு மூன்று வருஷம் என்பது பல காலம் காகிதத்தில்தான். 2008ல் சேர்ந்த மாணவர்களுடைய டிப்ளமோ படங்கள் 2015லும் முடியாமல் கிடந்தன. அதே 2015ல் தலைவர் நியமனத்தை எதிர்த்து 139 நாள் ஸ்ட்ரைக், போலீஸ், கைது எல்லாம் நடந்தது. அந்த ஸ்ட்ரைக்கில் இருந்த பாயல் கபாடியா 2024ல் கான் விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்கினார். அப்போ எல்லாரும் கை தட்டினோம். ஆனால் அந்த ஸ்ட்ரைக்கால் வருஷம் போனவர்கள், படிப்பு இழுத்ததில் முப்பது வயசைத் தாண்டியவர்கள் பேரெல்லாம் எந்தச் செய்தியிலும் வராது. வரலாறு ஜெயிச்சவங்களைத்தான் எழுதும். நானும் இந்தப் பதிவில் பெரும்பாலும் அதைத்தான் செஞ்சிருக்கேன், கவனிச்சீங்களா?

அப்போ டீக்கடைக் கேள்விக்கு என்ன பதில்?

வேலைக்கான உத்தரவாதமாக இந்தப் படிப்பு 1965லும் இல்லை, இன்றும் இல்லை. அதுக்காகப் போறவங்க ஏமாறுவாங்க. தொழில்நுட்பத்துக்காகவும் இப்போ போக வேண்டியதில்லை, கேமரா நம்ம பாக்கெட்லயே இருக்கு. அடூருக்கும் ஜானுக்கும் பாலுவுக்கும் பூனா கொடுத்தது வேற மாதிரி சொத்து. ரசனை, ஒரு தோல்வியடைந்த மேதையிடம்கூடக் கற்றுக்கொள்ளலாம் என்ற மரியாதை, கூடவே நடக்க நாலு பேர். இந்த மூணையும் வெளியே சம்பாதிக்க முடிஞ்சவங்களுக்குப் பூனா தேவையில்லை. பாலு மகேந்திராவோட மொட்டை மாடியிலோ, ஒரு நல்ல ஃபிலிம் சொசைட்டியிலோ அது கிடைச்சிருக்கு. வேலையை விட முடியாதவங்களுக்கு, பூனாவில் கோடையில் ஒரு மாசம் போல நடக்கும் திரைப்பட ரசனைப் பயிற்சிகூட இருக்கு. சதீஷ் பகதூரும் பி.கே. நாயரும் விதை போட்டது.

ஆனா எனக்கு அந்த மூணும் வெளியே கிடைக்குமான்னு யோசிச்சா, டீக்கடையில் இருக்கிற நாலு பேரில் மூணு பேருக்கு அடுத்த மாசம் ஆன்சைட்! முதல் படத்துக்கு முன்னாடி ஏழு வருஷம் காத்திருக்கத் தயாரா என்பதுதான் என் கணக்கில் இப்போ மிச்சம் இருக்கிற கேள்வி. அதுக்கு இன்ஸ்டிட்யூட் பதில் சொல்லாது.

பூனாவிலோ அடையாறிலோ படித்தவர்கள், படித்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள் யாராவது இதைப் படிச்சீங்கன்னா, பின்னூட்டத்தில் ஒரு வரி எழுதிட்டுப் போங்க. ஜெயிச்ச கதைதான் வேணும்னு இல்லை.

டிஸ்கி: எங்க மேனேஜர் தமிழ் படிப்பார் என்பது எனக்குத் தெரியும். சார், நான் இன்னும் எதுவும் முடிவு பண்ணலை :-)